ஆமைத் தொட்டிக்குப் போட்ட சூடு

கல்யாணமாகி வரும்போது என் மனைவி கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு தையல் மெஷின், ஒரு நட்சத்திர ஆமை. ஏலகிரி அடிவாரத்தில் பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து அவள் வளர்த்தது. எண்பதுகளின் நடுவில் அதைப் பிடிக்கக்கூடாது, வளர்க்கக்கூடாது என்றெல்லாம் ஆம்பூரில் எங்களுக்குத் தெரியாது. என் அம்மாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சட்டம்தான்.

"ஆமை பூந்த ஊடும் அமீனா பூந்த ஊடும் உருப்படாதுடா. ஊட்டுக்குள்ள சுத்த வுடாதே."

அதனால் பழைய மீன் தொட்டி ஒன்றை வாங்கி, மணல் கொட்டி, பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தேன். மார்கழி வந்தது. அந்த வருடம் பனி ஜாஸ்தி. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு வெளியே வர மறுத்தது. என் மனைவியும் சரியாகச் சாப்பிடவில்லை. புது ஊரில், புது வீட்டில், அவளுடையது என்று இருந்த ஒரே உயிர் அது. செத்துப்போனால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவின் வாய்க்கு அவல் கிடைத்துவிடுமே என்பது வேறு.

நான் அப்போது தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பிரிவில், தோலை இஸ்திரி போடும் மெஷினில் இருந்தேன். அங்கே மெழுகு உறையாமலிருக்க ஒரு குழாயைச் சுற்றித் தட்டையான பட்டை கட்டியிருப்பார்கள். உள்ளே சூடேறும் கம்பி, மேலே கண்ணாடி நார்ப் பின்னல். கழற்றிப்போட்ட துண்டு ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்கி, ஃபேன் ரெகுலேட்டரோடு இணைத்து, தொட்டியின் ஒரு பாதியில் மணலுக்கு அடியில் பரப்பினேன். கரண்ட் தாக்காமலிருக்க மேலே ஒரு தோல் துண்டு. பெரிய இஞ்சினியர் மாதிரிதான் நடந்துகொண்டேன்.

சூடு சரியா என்று பார்ப்பது எனக்குக் கைவந்த கலை. இஸ்திரித் தகட்டில் உள்ளங்கையை வைத்தே பதம் சொல்லிவிடுவேன். சூப்பர்வைசர்கூட என்னைக் கேட்டுத்தான் தோலை உள்ளே விடுவார். தொட்டியிலும் காலை மாலை மணலில் கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு.

ஆமை மறுபாதிக்குப் போய்க் கண்ணாடியைப் பிறாண்டியது. "தொட்டிய வுட்டு வெளிய வர அடம் புடிக்குது" என்று சொல்லி, நானே அதைத் தூக்கி மறுபடி சூட்டின் மேல் வைத்தேன். ஒரு தடவையா, இரண்டு தடவையா! இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் நாள் அவள் மணலை மாற்றக் கையை விட்டவள், அலறிக்கொண்டு இழுத்தாள். ஆமையைத் திருப்பிப் பார்த்தோம். அடிவயிற்று ஓடு சிவந்து, ஓரத்தில் கொப்புளித்திருந்தது.

"இன்னாங்க இது, இப்டி கொதிக்குது! கைய வச்சுதானே பாத்தீங்க?"

"பாத்தேனே. பதமாத்தான் இருந்துது."

அவள் என் கையைப் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையை விரலால் அழுத்தினாள். அழுத்தியதே எனக்குத் தெரியவில்லை. பத்து வருட இஸ்திரி, உள்ளங்கையை மாட்டுத் தோலைவிடக் கெட்டியாக்கியிருந்தது. அவள் அதற்குப் பிறகு திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பட்டையைப் பிடுங்கி எறிந்தேன். அவள் தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவினாள். ராத்திரியில் கோணிப்பை, பகலில் வெயில். செம்பருத்தியை வாயருகே நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாரம் போயிற்று. அம்மாகூடப் பழமொழியை விட்டுவிட்டு, கீரையைப் பொடியாக நறுக்கிக் கொண்டுவந்து தொட்டியருகே வைத்தாள்.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், வாசலில் ஒரு பொம்பளை கூப்பிடுகிறாள் என்று வாட்ச்மேன் ஆள் அனுப்பினார். அதுவரை அவள் தொழிற்சாலைப் பக்கம் வந்ததேயில்லை. ஓடினேன். மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள்.

"தின்னுச்சுங்க. ஒரு பூ முழுசா."

சொல்லிவிட்டு, வாட்ச்மேன் பார்க்கிறாரே என்றுகூட இல்லாமல், என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"இது தெரியுதா?"

"தெரியுது" என்றேன்.