மார்கரெட் வாசித்த விதவை

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாசி மாதக் காலையில், கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் மாடிக் கட்டடத்து லிஃப்டில் வைத்து மார்கரெட் என்னிடம், "இந்த வருடம் மாங்காய் ஊறுகாய் போட்டுவிட்டாயா?" என்று கேட்டார். அவர் எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற நேர்ஸ். நானோ பிறந்ததிலிருந்து ஊறுகாய் போட்டதில்லை. தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்த என்னை விளங்கிக்கொள்வதற்காக, இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை நூலகத்தில் எடுத்து அவர் வாசித்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கலாம். எனக்காக ஒருவர் ஒரு தடித்த புத்தகத்தை வாசித்தது அதுதான் முதல் தடவை.

முடித்ததும், "உங்கள் ஆட்களைப் பற்றியது" என்று அதை என்னிடமே தந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். வட இந்திய நகரமொன்றில் பெரிய வீடு, நிறைய வேலைக்காரர்கள், மொட்டைமாடியில் காயும் மாங்காய்த் துண்டுகள். நான் கண்ட இந்தியா, விசாவுக்குக் காத்திருந்த சென்னை வாடகை அறை மட்டும். யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு அந்த வீட்டில் ஒருவரையும் தெரியவில்லை, ஓர் அத்தியாயம் வரும்வரை. கல்யாண நாளில் அந்த வீட்டு இளம் விதவை சமையலறைக்குள் போய் நின்றுகொள்கிறாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. நான் புத்தகத்தை மூடிவிட்டேன். என் கணவர் ஷெல் விழுந்து இறந்த அடுத்த வருடம் தங்கையின் கல்யாணம். தாலி கட்டும்போது எழுந்த மேளச் சத்தத்தைக் குசினிக்குள் நின்றுதான் கேட்டேன். என்னையும் யாரும் போகச் சொல்லவில்லை.

வைகாசியில் மார்கரெட்டின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் அழைப்பு வந்தது. தம்பி குடும்பத்துக்கும் வந்தது. என் பெயர் மட்டும் அதில் இல்லை. ஒரு கிழமை பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. கதவைத் தட்டி, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "நான் என்ன பிழை செய்தேன்?" என்று கேட்டேன். அவருடைய முகம் சிவந்துவிட்டது.

"அந்தப் புத்தகத்தில்... கணவரை இழந்த நீ கல்யாணத்துக்கு வருவது உங்கள் வழக்கமில்லையே. கூப்பிட்டு உன்னை நோகடிக்க வேண்டாமென்று நினைத்தேன்."

அது இந்தியா, நான் இலங்கை என்று சொல்லியிருக்கலாம். "அந்தப் புத்தகம் சரி," என்றேன். "ஆனால் நான் வருவேன்." மார்கரெட் என்னைக் கட்டிப்பிடித்தார். இருவரும் அழுதோம்.

கல்யாணத்தன்று தேவாலயத்தில் பின்வரிசையில் உட்காரப்போன என்னை மார்கரெட் தேடி வந்து மணமகளின் அறைக்குக் கூட்டிப்போனார். வெள்ளைப் பூக்களால் கட்டிய வளையத்தை என் கையில் தந்து, "நீ வைத்துவிடு" என்றார். வெள்ளை உடுத்திய அந்தப் பிள்ளை எனக்காகத் தலையைக் குனிந்தாள். வைத்தேன். அந்தச் சமையலறையை எழுதியவருக்கும், அதை வாசித்துவிட்டு எனக்கு ஒரு கதவைத் திறந்தவருக்கும் அந்த நிமிடம் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி சொன்னாள்: "அவையளுக்கு உதொண்டும் தெரியாது மச்சாள். எங்கட ஆக்களின்ர கலியாணத்தில உப்பிடி முன்னுக்குப் போயிடாதேங்கோ." கோபமாகச் சொல்லவில்லை. யாராவது என்னை ஏதும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் அவளுக்கு.

அடுத்த மாதமே எங்கள் ஆட்களின் கல்யாணம் ஒன்று வந்தது. மண்டப வாசலில் தட்டோடு நின்ற பெண் என்னைக் கண்டதும் தயங்கி, பிறகு சிரித்தபடி தட்டை நீட்டினாள். சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தேன். குங்குமத்துக்கு மேலே விரல் அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் சனம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.