கோர்ட்டில் காயும் குழாய்கள்

நான் சு. தர்மராஜ், கூடைப்பந்து நடுவர். எதிர்ப்பைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

சர்வதேச இளையோர் போட்டிக்கான இந்திய மகளிர் அணித் தேர்வுக்கு எங்கள் ஊர் முத்துச்செல்வி பத்து நாளில் புறப்படுகிறாள். ஊரில் அவள் பயிற்சி செய்ய இருப்பது ஒரே கூடைப்பந்து கோர்ட். இன்று காலை அது முழுக்க வெடிக்கான காகிதக் குழாய்களைக் காயப் போட்டிருந்தார்கள்.

“சீசன் நேரம், அண்ணாச்சி. பொம்பளப்பிள்ளை பந்து தட்டி எம்புட்டுத் தூரம் போயிருவா?” என்றார் குழாய்களைக் காயப்போட்ட பட்டாசுக் கம்பெனிக்காரர்.

“கோர்ட்டு நீளம் இருபத்தெட்டு மீட்டர். அத மட்டும் விடுங்க. மிச்சத் தூரத்த அவ பாத்துக்கிடுவா.”

குழாய்களை மிதித்தாவது ஆடு என்றேன். முத்துச்செல்வி மறுத்தாள். “எங்கம்மா உருட்டுனது சார்.”

ஆகவே நாளை அதிகாலை, குழாய் லோடு வரும் முன்பே, விசிலுடன் நடுக்கோட்டில் நிற்பேன். ஒரு குழாயும் நசுங்காது. ஒன்றும் உள்ளே வராது.

உடன் நிற்பவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். எல்லைக்கோடு நீளமானது.