நிற்கிறவன் மாணவன்

என் மேசைமேல் சுவரோடு சாய்த்து வைத்திருக்கும் படத்தில் நைனா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், தங்கை வள்ளி இருக்கிறாள். நான் இல்லை. நைனாவின் நாற்காலிக்குப் பின்னால் கோட்டு மாட்டிய ஓர் உடல் மட்டும் நிற்கிறது. கழுத்துக்கு மேலே தபால்தலை அளவுக்குச் சதுரமாக ஓர் ஓட்டை. இங்கே அமெரிக்காவில் சுவருக்கு வெள்ளையடிப்பதில்லை, பூப்போட்ட காகிதம் ஒட்டுகிறார்கள். காலையில் முகம் துடைத்துக்கொண்டு திரும்பினால், என் தலை இருந்த இடத்தில் ஒரு ரோஜாப்பூ தெரிகிறது. அறைத்தோழன் கார்ல் முதல் வாரம் அதைப் பார்த்துவிட்டு, "வீட்டில் யாரோடு சண்டை?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். இந்த நாட்டில் ஓர் உறவு பிடிக்காமல் போனால் படத்திலிருந்து அவரைக் கத்தரித்து எடுத்துவிடுவார்களாம். "சண்டை ஒன்றுமில்லை. அது நான்தான்" என்றேன். அதன் பிறகு இரண்டு நாள் அவன் என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டான்.

விஷயம் இவ்வளவுதான். பள்ளி இறுதித் தேர்வு தேறியதும் இந்தக் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினேன். வெளிநாட்டு மாணவன் ஒருவனுக்குக் கட்டணமில்லாமல் இடம் தந்து, சாப்பாட்டுக்குச் சமையல்கூடத்தில் வேலையும் தருவார்கள் என்று அறிந்திருந்தேன். நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். கேட்ட சான்றுகளெல்லாம் சேர்ந்துவிட்டன. கடைசியில் ஒரு புகைப்படம் கேட்டிருந்தார்கள். அங்கேதான் வந்தது வம்பு. எங்கள் வீட்டில் அதுவரை இருந்தது ஒரே ஒரு படம், தாத்தாவுடையது. நெற்றி நிறைய விபூதியோடு நாற்காலியில் சாய்ந்திருப்பார். அவர் இறந்த பிறகு, தூக்கிக்கொண்டுபோய்ப் புதைப்பதற்கு முன்பு எடுத்த படம் அது. எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தனி ஆளாகப் படம் பிடிக்கப்பட்டவர் என்றால் அவர் போய்ச் சேர்ந்தவர்.

"உயிரோட கீற புள்ளைய ஒண்டியா நிக்க வெச்சுப் படம் அனுப்பச் சொல்றானே, அவன் இன்னா மனுசன்?" என்றாள் அம்மா. "வாணாண்டா. படிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

"அவங்க ஊர்ல அப்படி இல்லம்மா."

"அவங்க ஊரு அவங்களுக்கு. உன்னிய பெத்தது நானு."

நைனாதான் வழி கண்டுபிடித்தார். "ஒண்டியா நின்னாத்தானே தோஷம்? எல்லாரும் கூட நிப்போம். இன்னாமே சொல்றே?"

துறைமுக மேஸ்திரியிடம் இரவல் வாங்கிய கோட்டுகளைப் போட்டுக்கொண்டு நானும் நைனாவும், பின்னால் அம்மாவும் வள்ளியுமாக ஸ்டூடியோவுக்குப் போனோம். அமெரிக்கக் காலேஜுக்கு என்று சொன்னதும் படம் பிடிக்கிறவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாருமே படிக்கப் போறீங்களா?" "அவன் படிப்பான், நாங்க பார்த்துகினு இருப்போம்" என்றார் நைனா. பெரியவருக்கு நடுவில் நாற்காலி, அருகே அம்மா, காலடியில் வள்ளி, பின்னால் நான். நாங்கள் கேட்காமலே படம் பிடிக்கிறவர் அப்படித்தான் நிறுத்தினார். இரண்டு பிரதி வாங்கினோம். ஒன்று சுவருக்கு, மற்றதன் பின்புறம் என் பெயரை எழுதிக் கடல் கடத்தினேன். நாற்காலி வீட்டுப் பெரியவருடையது, நிற்கிற பையன்தான் மாணவன் என்பதை யாருக்காவது சொல்ல வேண்டுமா என்ன?

சொல்லியிருக்க வேண்டும். மாதங்கள் கழித்து வந்த பதிலை வாசலில் நின்று நைனாவுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். விண்ணப்பத்தில் வயது பத்தொன்பது என்று இருக்கிறது. படத்தில் நடுவில் அமர்ந்திருக்கும் தங்களுக்கு நாற்பதுக்குக் குறையாது. தங்கள் மூத்த மகனே வளர்ந்த பிள்ளையாகத் தெரிகிறார். மனைவி மக்களுடன் தங்க விடுதியில் இடமில்லை. விளக்கம் வரும்வரை தங்கள் இடத்தை உறுதிசெய்ய இயலாது.

நைனா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். "என்னிய காலேஜுக்குக் கூப்புடறான்மே! டேய், நான் போறேன், நீ கிரேன ஓட்டு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடும். கப்பலில் போகவே ஏறக்குறைய இரண்டு மாதம். சேர்ப்புத் தாள் கையில் இல்லாமல் விசா கேட்டு அமெரிக்கக் கன்ஸல் ஆபீஸ் படியேற முடியாது. விளக்கத்தைத் தபாலில் அனுப்பினால் அது போய், பதில் வருவதற்குள் என் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். என் முகத்தைப் பார்த்ததும் நைனா சிரிப்பை நிறுத்தினார். "தந்தி அடி" என்றார்.

தபாலாபீஸில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. நிற்கிறவன் மாணவன், உட்கார்ந்திருப்பவர் தந்தை என்று இங்கிலீஷில் எழுதி, அவருக்குப் பொருள் சொன்னேன். அவர் பாதியிலேயே கை காட்டினார். "நிக்கறவன் யாருன்னு சொன்னியே, அது போதும். உக்காந்துகினு கீறவன் யாரா இருந்தா அவனுக்கு இன்னா? எட்த்துடு." எடுத்துவிட்டேன்.

பதில் தந்தி வந்த அன்று நான் கடற்கரைப் பக்கம் போயிருந்தேன். எங்கள் சந்தில் தந்தி என்றால் சாவு. சேவகன் உறையை நீட்டுவதற்குள் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாளாம். நான் ஓடி வந்தபோது வீட்டில் பாதிச் சந்து கூடியிருந்தது. உறையைக் கிழித்துப் படித்தேன். "சேர்த்துக்கிட்டாங்கம்மா. வரச் சொல்றாங்க." அவள் அழுகையை நிறுத்தவில்லை, ஆனால் அதன் ராகம் மாறிவிட்டது. அந்த நிமிடம் என் முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதைப் போல இருந்தது. நைனா கூட்டத்தைப் பார்த்து, "போங்க போங்க, யாரும் சாவல" என்றார்.

இங்கே வந்து சேர்ந்ததும் கல்லூரி அலுவலகத்தில் வயதான ஓர் அம்மையார் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஓ, நிற்கிறவர்!" என்று கைகுலுக்கினார். என் பெயரைவிட அதுதான் அவர்களுக்குப் பழகியிருந்தது. பிறகு ஒரு பேனாக்கத்தியை எடுத்து, நான் வாய் திறப்பதற்குள் என் தலையை மட்டும் அறுத்து, என் பெயருள்ள அட்டையில் ஒட்டி இழுப்பறைக்குள் போட்டார். மிச்சத்தை நீட்டி, "உங்கள் குடும்பத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். உதவி செய்த மகிழ்ச்சி அவர் முகத்தில். அம்மா எதற்குப் பயந்தாளோ அது நடந்துவிட்டது, நான் ஒண்டியாகிவிட்டேன்.

மறைக்க மனமில்லாமல் வீட்டுக்கு எழுதினேன். இங்கே எங்கும் பனி மூடிக் கிடந்த வாரம் பதில் வந்தது. எழுதியது வள்ளி, எனக்குப் பின்னால் அவளும் பள்ளிக்கூடம் போகிறவள்தான். அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தாள்: "அங்க அறுத்தா அறுத்துகினு போறான். இங்க செவுத்துல எம்புள்ள முழுசா நிக்கறான். நீ ஒழுங்கா துன்னு, ஒழுங்கா படி." சமையல்கூடத்தில் தட்டு கழுவிக்கொண்டே அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். வந்த நாளிலிருந்து அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இங்கே வர விண்ணப்பம் எழுதும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: தனியாக நின்றே படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது. ஆனால் எடுத்த பிறகு, வீட்டாரோடு இன்னொன்றும் எடுத்துச் சுவரில் மாட்டிவிட்டு வாருங்கள். என் முகம் இந்த ஊரில் ஓர் இழுப்பறைக்குள் இருக்கிறது. என் உடல் மேசைமேல், தலைக்குப் பதில் ரோஜாப்பூவோடு, நைனாவுக்குப் பின்னால் நிற்கிறது. முழு ஆளாக நான் இருப்பது ராயபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும்தான். படத்துக்கு ஐந்து ரூபாய், தந்திக்குப் பதினாறு. என்னை அங்கே முழுசாக நிறுத்தி இங்கே அனுப்பிவைக்க அவர்களுக்கு ஆனது, கப்பல் கூலி நீங்கலாக, இருபத்தோரு ரூபாய்.