முடிச்சூர் ஹல்லபலூ

முடிச்சூரில் நான் நடத்தும் ஹார்டுவேர் கடையையும் அதற்கு மேலே நிற்கும் மூன்று மாடியையும் பார்ப்பவர்கள், எந்தக் காலேஜில் படித்தீர்கள் என்று கேட்பார்கள். நான்காம் வகுப்பு. மீதியெல்லாம் இந்தத் தொண்டை. தெருத்தெருவாகக் கூவி விற்று முன்னுக்கு வந்தவன் நான்.

போன வாரம் பேரப்பிள்ளைகள் போட்ட கூச்சலில், இங்கிலீஷ் டீச்சரான என் மருமகள், “ஒரே ஹல்லபலூ!” என்று தலையில் கை வைத்தாள். வார்த்தை ராகமாக இருந்தது. விடுவேனா, எங்கிருந்து வந்தது என்று பிடித்துக்கொண்டேன்.

“அமளின்னு அர்த்தம் மாமா. முன்பாதி, ஹலோன்னு கூப்பிடற சத்தம். பின்பாதி, ஸ்காட்லாந்துல தாலாட்டுல வர்ற ‘பலூ’ங்கற வார்த்தைன்னு சிலர் சொல்றாங்க. உறுதியா யாருக்கும் தெரியாது.”

எனக்கு உறுதியாகத் தெரியும். ஆறு வயதில் இதே ஊரில் அப்படி ஒன்றை நடத்திக் காட்டியவன் நான்.

அப்போது இங்கே பிளாட் ஏது, எல்லாம் வயல்தான். ஏரியில் குளித்துவிட்டு, டவுசரைக் கரையில் காயப்போட்டு, வைக்கோல் போர்மேல் ஏறித் தூங்கிவிட்டேன். டவுசர் மட்டும் கிடந்ததைப் பார்த்து ஊரே தண்ணீரில் குதித்துவிட்டது. உச்சி வேளையில் ஏரிக்கரையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளையை முனி பிடித்துக்கொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை. “ஓஓய்! ஓஓய்!” மட்டும்தான். கூடவே தகர டப்பா அடி.

கண் விழித்த நான், நரியை விரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். சும்மா இருப்பேனா? போர்மேல் அம்மணமாக நின்று, எல்லோரையும் விட உரக்க “ஓஓய்!” என்று கத்தினேன். அன்றைக்கு என்னைத் தேடியதில் என் அளவுக்கு உழைத்தவன் வேறு யாருமில்லை.

கரையில் புரண்டு அழுதுகொண்டிருந்த அம்மா எழுந்துவிட்டாள். “எம்புள்ள கொரலுடா அது!”

தண்ணீரிலிருந்து தாய்மாமன், “இன்னாக்கா, ஊரே கத்திகினு கீது...” என்றார்.

“பெத்தவளுக்குத் தெரியாதா? போடா!”

அத்தனை இரைச்சலிலும் தனியாகத் தெரிந்த தொண்டை என்னுடையது!

போரிலிருந்து இறக்கி, அந்த டவுசராலேயே நாலு வீசு வீசினாள். பிறகு நடு வெயிலில் கரையிலேயே உட்கார்ந்து, என்னை மடியில் போட்டு, “ஆராரோ” என்று பாட ஆரம்பித்தாள்.

“தூக்கம் வரலம்மா, இப்பத்தான் எழுந்தேன்.”

கேட்கவில்லை. தன் அழுகை அடங்கும்வரை என்னைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தூங்கி எழுந்தவனை எதற்குத் தூங்க வைக்கிறாள் என்று எனக்கு ஒரே எரிச்சல். அந்தத் தாலாட்டு எனக்கில்லை என்பது அப்போது விளங்கவில்லை.