சுவர் இல்லாத அடுப்படி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பேருந்தில் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் தெரியாது என்று யாரிடமும் சொன்னதில்லை.

திண்டுக்கல்லில் மகன் வீடு கட்டத் தொடங்கினான். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் வைப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. மருமகளுக்குச் சுவர் வேண்டாம். சமைத்துக்கொண்டே பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம் என்றாள். எனக்குச் சுவர் வேண்டும். கருவாடு வறுக்கிற வாடை கூடத்துக்குப் போகக் கூடாது. விருந்தாள் வந்தால் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் பத்துமா பத்தாதா என்று உள்ளே நின்று குசுகுசுக்க வேண்டும். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்ன வேண்டும். இதெல்லாம் ஊர் பார்க்கவா செய்வது?

"அம்மா சொல்றதுதான்" என்று சொல்லிவிட்டு மகன் கடைக்குப் போய்விட்டான்.

இன்ஜினியர் வந்து இரண்டு படங்களை விரித்தார். "ஒண்ணுல சுவர் இருக்கு, ஒண்ணுல இல்ல. நீங்களே காட்டுங்கம்மா" என்றார். ஒரு படத்தில் கறுப்பாகப் பட்டை அடித்திருந்தது. சாக்கடை என்று எண்ணினேன். மற்றதில் மெல்லிசாக இரண்டு கோடுகள். சுவருக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று நானே பொருள் பண்ணிக்கொண்டு அதன் மேல் விரலை வைத்தேன். எது சுவர் என்று ஒரு வாய் கேட்டிருக்கலாம். வீட்டுக்குப் பெரியவள் கேட்பதா?

மருமகள் மெதுவாக, "அத்தை, இதுதானா?" என்றாள்.

"பின்ன? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"பரவாயில்லையே, அம்மா இந்தக் காலத்துக்குத் தக்கன யோசிக்கிறாங்க" என்றார் இன்ஜினியர். எதற்குச் சொல்கிறார் என்று உறைக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

முழங்கால் வலியால் வேலை நடக்கிற இடத்துக்கு நான் போகவில்லை. கூரை போட்ட பிறகுதான் மகனும் மருமகளும் அழைத்துப் போனார்கள். வாசலில் நின்றால் அடுப்படி அப்படியே தெரிகிறது. இடுப்பளவுக்கு ஒரு மேடை, அவ்வளவுதான்.

"ஏப்பா, இங்க இருக்க வேண்டிய சொவத்த எங்க? யாரு வீட்டுக்குத் தூக்கிக் குடுத்த?" என்று கொத்தனாரைப் பிடித்துக்கொண்டேன். சித்தாள்கள் சிரித்தார்கள்.

அவர் படத்தை விரித்தார். "இதுல சொவரு இல்லம்மா. இந்த ரெண்டு கோடு மேடைக்குப் போட்டது."

அந்தக் கறுப்புப் பட்டைதான் சுவர் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகன் என்னைப் பார்த்தான். "ஏம்மா, நீ சொவரு வேணும்னுதான சொன்ன? படத்தப் பாத்து மனசு மாறிட்டன்னுல்ல இருந்தேன்."

எனக்கு முன்னால் மருமகள் பேசிவிட்டாள். "அத்தை சரியாத்தான் காட்டுனாக. நாந்தான் அப்புறமா போன் பண்ணி மாத்தச் சொன்னேன்."

"பெரியவுக பேச்சுக்கு இம்புட்டுத்தான் மரியாதையா ஒங்கிட்ட?" அத்தனை ஆட்கள் முன்னாலும் கத்தினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சுவரை இப்போதுகூட எழுப்பிவிடலாம் என்றார் கொத்தனார். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்ததோ வேறு. "விடுப்பா, இருக்கட்டும். அவ ஆசப்பட்டுட்டா."

"பாத்தியா, எங்கம்மா மனசு யாருக்கு வரும்?" என்றான் மகன்.

அவன் அங்கிருந்தே கடைக்குப் போனான். மருமகளின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வீடு திரும்பினேன். வழியில் திரும்பிப் பார்க்காமலே, "எனக்கும் மொதத் தடவ அந்தப் படம் புரியலத்தை" என்றாள். காற்று இரைச்சலில் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

பால் காய்ச்சுகிற அன்று கூடம் நிறைய சனம். கன்னிவாடியிலிருந்து வந்த என் நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்துகொண்டே அடுப்படியை நோட்டம் விட்டாள். "என்ன மதினி, அடுப்படிய நடுவீதியில வச்ச மாதிரி இருக்கு? மருமக சட்டமா?"

அடுப்பு முன்னால் நின்ற மருமகளின் கை, கரண்டியோடு அப்படியே நின்றது. மகனும் அங்கேதான் இருந்தான். இனியும் பொறுக்கக் கூடாது என்று தோன்றியது.

"அவ மேல பழி போடாத. படம் எனக்குப் புரியல. புரியாமயே வெரல வச்சது நாந்தான்."

நாத்தனார் சிரித்தாள். "மருமகள விட்டுக் குடுக்காம எப்படிப் பேசுது பாருங்க! எனக்கும் வாச்சாளே ஒரு மாமியா." எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். மகன் முகத்தில் பெருமை.

எனக்கு உடம்பு கூசியது. அடுப்படிக்குள் போய் நின்றேன். முகத்தை மறைத்துக்கொள்ளலாம் என்ற பழக்கத்தில்தான் போனேன். அங்கேயும் அத்தனை பேர் கண்ணும் என் மேல்தான்.

மருமகள் கரண்டியை என் கையில் கொடுத்தாள். "பால் பொங்குது, பாருங்கத்தை" என்றாள்.