மூன்று மணி வாளி

“...போட்டோ எடுக்கிறவங்க சும்மா எடுத்துட்டுப் போக மாட்டாங்க தங்கச்சி. தேயிலைத் தோட்டத்துல எங்க லய வீடுங்களையும் மூணு தரம் எடுத்தாங்க. கூரை இன்னமும் ஒழுகிக்கிட்டுத்தான் இருக்கு. என்னத்துக்கு எடுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் சொல்லல,” என்றார் சாப்பாட்டுக்கடைக் குசினியில் பாத்திரம் கழுவும் அக்கா. பக்கத்தில் ஒரு நீல வாளி இருந்தது. அதன் மூடியை ஒரு கையால் அமுக்கிப் பிடித்திருந்தார். நான் வாளியைப் பார்த்தேன், அவர் என் போனைப் பார்த்தார்.

அந்தக் குசினிக்குள் நான் போய் நின்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஹட்டன் டவுனில் ஒரு கொமியூனிகேசன் கடையில் எனக்கு வேலை. போட்டோகொப்பி அடிப்பேன், போனுக்கு ரீலோட் போடுவேன், படிவம் நிரப்பிக் கொடுப்பேன். கொப்பி எடுக்க வந்து நிற்பவர்கள் ஏதாவது பேசுவார்கள். நல்ல பேச்சாக ஒன்று விழுந்தால், கெட்டுப்போன கொப்பியின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். ஆள் வராத மழை நேரங்களில் வீடியோ பார்த்துப் பார்த்து, போனிலேயே செயலி செய்யப் பழகினேன். யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் பிழைகளுக்கும் முழுச் சொந்தக்காரி நான்தான்.

எங்கள் கடைக்கு அடுத்தது ஒரு முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக்கடை. இரண்டு கடைக்கும் பின்னால் ஒரே சந்து. அங்கே ஒரு குப்பைப் பீப்பாய் இருக்கும். நகரசபை டிரக்டர் வரும் நேரத்தில் பார்த்தால் மேலே சோறு கிடக்கும். எவ்வளவு மூடுபனி என்றாலும் அந்த வெள்ளை தெரியும். சந்து முனையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமார் வெறும் தேத்தண்ணியோடு குந்தியிருப்பார்கள். இந்த இரண்டையும் தினமும் சேர்த்துப் பார்த்ததில்தான் என் செயலி பிறந்தது. கடைக்காரர் மூன்று மணிக்கு மிஞ்சியதைப் படம் எடுத்துப் போட வேண்டும். வேண்டியவர்கள் ஐந்து மணிக்குள் வந்து எடுத்துப் போகலாம். படத்துக்குக் கீழே ஒரு கட்டம் வைத்தேன்: எத்தனை கிலோ?

நானாவிடம்தான் முதலில் போனேன். அவர் என் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஏதோ கள்ளச் சாமான் மாதிரி.

“இது பி.எச்.ஐ. மாத்தையாட போன்லயும் வருமா மகள்?”

சுகாதாரப் பரிசோதகரைச் சொன்னார். வராது என்றேன்.

“வராதுன்னு நீங்க சொல்றீங்க. எதிர்க்கடைக்காரன் பார்ப்பானே. இன்னைக்கு மிஞ்சின பரோட்டாதான் நாளைக்குக் கொத்துன்னு ஊர் முழுக்கச் சொல்லுவான்.”

கடைசியில், சோற்றை வீணாக்கினால் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டு சம்மதித்தார். ஒரு வாரம் பார்ப்போம், சரிவராவிட்டால் எடுத்துவிட வேண்டும் என்றார். அந்த ஒரு வாரத்தில் செயலி நிலைக்காவிட்டால் டவுனில் வேறு எந்தக் கடைக்காரரும் என்னை ஏறெடுத்துப் பார்க்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

முதல் நாள் செயலியில் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் நேரில் போய்க் கேட்டேன். நானா அஸர் தொழுதுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

“சட்டியில இருந்தாத்தானே மகள் அகப்பையில வரும். போய்ப் பாருங்க, பானை கழுவிக் கவுத்தாச்சு.”

உண்மைதான், கவிழ்த்திருந்தது. ஆனால் இரண்டு மணிக்கு நான் பகல் சாப்பாடு வாங்கப் போனபோது அதே பானையில் பாதிக்கு மேல் சோறு இருந்ததை என் கண்ணால் கண்டேனே. மனிதர் வாயால் சம்மதித்துவிட்டு முதுகுக்குப் பின்னால் கொட்டுகிறார் என்று எனக்குள் ஒரு புழு நெளிய ஆரம்பித்தது. நான் பி.எச்.ஐ.க்கு ஆள் என்று அவருக்குச் சந்தேகம். அவர் பொய்யர் என்று எனக்குச் சந்தேகம். இருவரும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டோம்.

நான்காம் நாள், மூன்று மணிக்கு முன்பே நானா பள்ளிவாசலுக்குக் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, பின்சந்து வழியாகப் போனேன். பீப்பாயில் அப்போதே சோறு கிடந்தது. ஆவி கூட அடங்கவில்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தால் அந்த அக்கா, பக்கத்தில் நீல வாளி. பானையின் அடியில் இன்னும் கொஞ்சம் சோறும், சட்டியில் பருப்பும் இருந்தன. “நீங்களா கொட்டுறீங்க?” என்று கேட்டபடி நான் போனைத் தூக்கினேன். படம் எடுக்கவில்லை, நேரம் பார்க்கத்தான் தூக்கினேன். அப்போதுதான் அவர் அந்த லயத்துக் கூரைக் கதையைச் சொன்னார்.

“நானும் தோட்டத்து ஆள்தாங்க அக்கா. பூண்டுலோயாப் பக்கம்,” என்றேன்.

“எந்த டிவிசன்?”

“கீழ் டிவிசன்.”

“பேச்சப் பார்த்தா வேல வாங்குற கண்டாக்கு வீட்டு ஆளு மாதிரி இருக்கு.”

“எங்கம்மா கொழுந்துதாங்க எடுத்தாங்க.”

அவர் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. “கொழுந்து எடுத்தவங்க மகளா கிலோ கேக்குறீங்க? நானாகிட்ட போன்ல காட்டினீங்களே, நானும்தான் பார்த்தேன். நிறுக்க வர்றவங்க வெட்டத்தான் வருவாங்க தங்கச்சி. ஈரத்துக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒண்ணுன்னு கொழுந்துல வெட்டினவங்கள எல்லாம் பார்த்துட்டுத்தான் இங்க வந்திருக்கேன்.”

தராசில் கொழுந்து ஏறும்போதெல்லாம் என் அம்மாவின் முகம் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அந்தக் கட்டத்தை வைத்திருக்கிறேன்.

“வாளி எங்க போகுது அக்கா?”

“எங்க போகும்? லயத்துக்குத்தான். எனக்கு ரெண்டு புள்ளைங்க. பக்கத்துக் காம்பராவுல ஒரு மனுசன் கால் முறிஞ்சு கெடக்காரு. வாளி அஞ்சு வருசமா போகுது.”

“நானாவுக்குத் தெரியுமா?”

முதல் தடவையாகச் சிரித்தார். “நான் வாளி நிரப்புற நேரம் பார்த்து நானா தொழுவன்னோ, சாமான் வாங்கன்னோ வெளிய போயிருவாரு. பார்த்தா குடுக்கணும், இல்லாட்டி மறுக்கணும். பார்க்காட்டி ரெண்டும் வேணாமே.”

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சைக் குறித்துக்கொள்ளத் தாள் தேடியிருப்பேன்.

“அப்போ மிச்சத்த ஏன் பீப்பாயில கொட்டினீங்க? முந்தி சாயந்தரம்தானே கொட்டுவாங்க?”

“முந்தி அஞ்சரைக்கு பஸ் ஏற முந்தித்தான் வாளிய நிரப்புவேன். நடுவுல பசின்னு யாரும் வந்து நின்னா அவங்களுக்கும் போடுவேன். இப்ப நீங்க மூணு மணிக்குப் போட்டோங்கிறீங்க. பானையில சோத்தக் கண்டா கிலோ எழுதணும். எழுதிட்டா அது நானாட சோறு, அப்புறம் ஊர்ச் சோறு. எழுதினதுல இருந்து எடுத்தா நான் கள்ளி. அதான் மூணுக்கு முந்தியே பானையக் கழுவிடுறேன்.”

சோறு வீணாகக் கூடாது என்று நான் ஒரு செயலி செய்தேன். அது வந்த நாளிலிருந்து, பசித்து வந்து நின்றவர்களுக்குக் கிடைத்த சோறும் பீப்பாய்க்குப் போயிருக்கிறது.

அவருக்குப் பக்கத்தில் போய், போனை அவர் பார்க்கும்படி பிடித்தேன். கிலோக் கட்டத்தைத் தொட்டு அழித்தேன். “பாருங்க, இல்ல. யார் எவ்வளவுன்னு எங்கேயும் வராது. உங்க வாளி நெறஞ்ச பிறகு இருக்கிறத மட்டும் எடுப்போம். வாளி படத்துல விழாது. எப்ப எடுக்கலாம்னு நீங்கதான் சொல்லணும்.”

“அழிச்சத திரும்ப எழுத முடியாதா?”

“முடியும்,” என்றேன். பொய் சொல்ல வரவில்லை. “எழுதினா நீங்க பானையக் கழுவிடுங்க.”

அக்கா என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். பிறகு கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனை என்னிடமிருந்து வாங்கினார். பரோட்டாப் பலகையில் அதைக் குப்புறக் கவிழ்த்து, போதாது என்று மேலே ஒரு பீங்கான் தட்டையும் கவிழ்த்து வைத்தார். வாளியைத் திறந்தார். பானையிலிருந்து நான்கு அகப்பைச் சோறு, மேலே பருப்பு. அவசரப்படவே இல்லை. மூடியை அமுக்கி, துணியால் சுற்றி முடிச்சுப் போட்டு, வாளியைக் காலால் அடுப்புக்குப் பின்னால் தள்ளினார். பானையின் அடியில் கிடந்த சோற்றைச் சுரண்டி ஒரு தட்டத்தில் குவித்து, பக்கத்தில் பருப்புச் சட்டியை வைத்தார். பிறகு பீங்கானைத் தூக்கி, போனை எடுத்து, ஒட்டியிருந்த மாவை ஊதிவிட்டு, என் பக்கம் நீட்டினார்.