வியாழக்கிழமைப் பத்திரிகையில் செத்துப்போன பயூமி

உஸ்தா பயூமி செத்துப்போனது ஒரு வியாழக்கிழமை. செய்தியை அவருக்குச் சொன்னவன் நான்தான். பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் கடைக்குள் நுழைந்து, "முடிஞ்சிடுச்சு உஸ்தா" என்றேன். காலால் மிதித்துத் தள்ளிக்கொண்டிருந்த பெரிய இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிறுத்தினார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டேனா?"

"இல்ல, தூக்கத்துலயே."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார், பாதி தேய்த்த கால்சட்டையைப் பார்த்துக்கொண்டே.

ராணுவத்துக்காரர்கள் ராஜாவைக் கப்பலேற்றி அனுப்பி இரண்டு வருடம் ஆகியிருந்தது. கெய்ரோவில் எங்கள் ஹுசைனிய்யா சந்தில் பயூமியின் இஸ்திரிக் கடைக்கு எதிர்க்கடை என்னுடையது. நான் தையல்காரன் நஸீம். தொழில் கைவந்தவரை எங்கள் பக்கம் உஸ்தா என்பார்கள். பயூமிக்குத் தொந்தி வைத்த கட்டுமஸ்தான உடம்பு. ஒரே மூச்சில் ஒரு செம்புத் தண்ணீரை வாயில் ரொப்பிக்கொண்டு, கன்னம் உப்ப, பனி பெய்கிற மாதிரி துணிமேல் ஊதுவார். வாயில் தண்ணீர் இல்லாத நேரமெல்லாம் பேசுவார். யார் வீட்டுச் சட்டையில் எந்தக் கறை, அது எப்படி வந்திருக்கும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் என் ஊசி நின்றுவிடும்.

இந்தப் பேச்சுதான் வினையாகப் போயிற்று. சந்து முனையில் மூன்றாம் மாடியில் முனீர் பே என்ற எழுத்தாளர் குடியிருந்தார். 'பே' பட்டத்தையெல்லாம் அரசாங்கம் ஒழித்துவிட்டது, எங்கள் வாய்தான் இன்னும் ஒழிக்கவில்லை. பாரிஸில் படித்தவர். தினமும் பயூமியின் கடையில் உட்கார்ந்து, பயூமியின் தேநீரைக் குடித்து, பயூமியின் கதையைக் கேட்டார். அதுவரை புத்தகத்துக்குள் கலீபாக்களும் தளபதிகளும் மச்சமுள்ள இளவரசிகளும்தான் நுழைய முடியும். இனிமேல் நம் மாதிரி ஆட்களைப் பற்றித்தான் எழுத வேண்டும், இதுதான் புதிய இலக்கியம் என்று பே சொன்னார். எங்களுக்குப் புல்லரித்தது. எங்களை யார் புத்தகத்துக்குள் கூப்பிட்டிருக்கிறார்கள்?

வாராவாரம் வியாழக்கிழமை பத்திரிகையில் தொடர்கதை வந்தது. கதாநாயகன் ஷல்பி என்கிற இஸ்திரிக்காரன். பெயர் மட்டும்தான் வேறு. வாயால் ஊதுகிற தண்ணீர், தொந்தி, மனைவி திட்டுகிற திட்டு, கல்யாண வயதில் ஒரு மகள், எல்லாம் பயூமியுடையதுதான். காப்பிக்கடையில் நான் உரக்கப் படிப்பேன். சந்தே கூடிக் கேட்கும். பயூமி முன்வரிசையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார்.

ஏழாவது வாரம் ஷல்பி இருமினான். எட்டாவது வாரம் கைக்குட்டையில் ரத்தம்.

மறுநாள் காலையில் கடைக்கு ஒரு துணி வரவில்லை. கொடுத்திருந்தவர்களும் வந்து வாங்கிப் போனார்கள், மேலே படாமல் இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு. அவர் வாயால் ஊதிய சட்டையைப் போட யாருக்கு மனம் வரும்? அதைக்கூடப் பயூமி சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார். ஆனால் மதியம் உம்மு ஃபத்ஹி வந்தாள். பயூமியின் ஒரே மகள் இன்ஸாஃபை அவள் மகனுக்குத்தான் பேசி முடித்திருந்தது. பையன் ஃபத்ஹி டிராம் கண்டக்டர், தங்கமானவன், அம்மா முன்னால் வாய் திறக்காதவன். இன்ஸாஃப் அவனுக்காகவே தேவையில்லாமல் டிராம் ஏறி இறங்குகிற பெண்.

"காச நோய்க்காரர் வீட்டுல பொண்ணு எடுக்க முடியாது உஸ்தா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் உம்மு ஃபத்ஹி, வாசலுக்கு வெளியிலேயே நின்று, முகத்திரையை மூக்கில் அழுத்திக்கொண்டு.

"இருமுனது ஷல்பி! நான் இருமி நீங்க பாத்திருக்கீங்களா?"

"அதான் சொல்றேன். இவ்வளவு நாள் மறைச்சிருக்கீங்க."

பயூமி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைப் படம் எடுத்து வந்தார். உம்மு ஃபத்ஹி அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணுமே தெரியலையே?"

"ஒண்ணும் இல்லன்னுதான் அர்த்தம், உம்மு ஃபத்ஹி!"

"ஆஸ்பத்திரிக்காரன் ஆயிரம் சொல்லுவான். பத்திரிகையில அச்சுப் போட்டுப் பொய் சொல்லுவாங்களா?"

வீட்டில் இன்ஸாஃப் சாப்பாட்டைத் தொடவில்லை. பயூமிக்கு அப்போதுதான் பயம் வந்தது. நாங்கள் கூடிப் பேசினோம். எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ரேடியோ வருவதற்கு முன்னால், எங்கள் காப்பிக்கடையில் ரபாபா வாசித்துக் கதை பாடுகிறவன் ஒருவன் இருந்தான். வீரன் சிறையில் அடைபட்ட இடத்தில் அவன் கதையை நிறுத்தினால் வழியை மறித்துக்கொள்வோம். ஏதாவது கையில் கொடுத்து, வீரனை வெளியே விட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்போம். அவனும் விட்டுவிடுவான். கதை சொல்கிறவனிடம் இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். ஆகவே கொழுத்த புறாக்களாகப் பார்த்து வாங்கி, அரிசி அடைத்துச் சமைத்து எடுத்துக்கொண்டு முனீர் பேயின் மாடிப்படி ஏறினோம்.

"பே, ஷல்பியைக் கொஞ்சம் குணமாக்கிடுங்க. கடல் காத்து வாங்க அலெக்சாந்திரியாவுக்கு அனுப்பினாக்கூடப் போதும்" என்றார் பயூமி.

பே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ரபாபாக்காரன் இல்ல உஸ்தா. இது எதார்த்தம். ஷல்பி செத்துத்தான் ஆகணும். அப்பத்தான் படிக்கிறவனுக்குக் கோபம் வரும்."

"எனக்கு இப்பவே கோபம் வந்துடுச்சு பே. எழுதப் படிக்கத் தெரியாமலே வந்துடுச்சு."

"உலகம் பூரா இப்ப இப்படித்தான் எழுதுறாங்க. பாரிஸ்ல போய்ப் பாருங்க."

"அப்ப பாரிஸ்ல ஒரு இஸ்திரிக்காரன் இருப்பானே, அவனைச் சாகச் சொல்லுங்க!"

"உங்களுக்காகத்தான் எழுதுறேன், புரிஞ்சிக்கோங்க" என்றார் பே. அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்காக அழுகிற மனிதர், எங்களில் ஒருவர் கெஞ்சுவது காதில் விழாமல் அழுதார். புறாவை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆக, அந்த வியாழக்கிழமை ஷல்பி செத்தான். நான் படித்து முடித்ததும் காப்பிக்கடையில் ஆண்கள் விசும்பினார்கள். ரேடியோவில் பாட்டை நிறுத்திக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்த நிலையத்துக்குத் திருப்பினார்கள். சாவு வீட்டு வழக்கப்படி சர்க்கரை இல்லாத காப்பி வந்தது. துக்கம் விசாரிக்கிறவர்களின் கையைப் பிடிக்க யாராவது நிற்க வேண்டுமே? வேறு ஆளில்லாததால் பயூமியே நின்றார்.

"நல்ல மனுஷன்" என்று அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

"ஆமா" என்றார் பயூமி. முதலில் கேலிக்காகத்தான் சொன்னார். போகப் போகக் குரல் தழுதழுத்தது.

மறுநாள் நான் பயூமி வீட்டில் இருந்தபோது உம்மு ஃபத்ஹி கறுப்பு உடுத்தி வந்தாள். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து இன்ஸாஃபைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"தகப்பன் இல்லாத பொண்ணை நான் கைவிடுவேனா? அல்லாஹ்வுக்கு என்ன பதில் சொல்லுவேன்? வர்ற வாரமே கல்யாணத்தை வச்சிடுவோம்."

"உம்மு ஃபத்ஹி, நான் இங்கதான் நிக்கிறேன்" என்றார் பயூமி.

"அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் குடுக்கட்டும் உஸ்தா" என்று கண்ணைத் துடைத்தாள். "அந்த நோயும் உங்களோடயே போயிடுச்சு. இனி யாருக்கும் ஒட்டாது. சித்தப்பா இருக்காரில்ல, அவரு நின்னு கையைப் பிடிச்சுக் குடுக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன். பயூமி என் காலை மிதித்தார். இரும்பை மிதித்துப் பழகிய கால் அது.

"சரி" என்றார். "தம்பி நிக்கட்டும்."

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பைத்தியமாய்யா உனக்கு? உசுரோட இருக்கும்போது..."

"நான் உசுரோட இருந்தா அவளுக்குக் கல்யாணம் இல்ல, நஸீம். செத்துட்டா உண்டு. நீ தகப்பனா இருந்தா என்ன பண்ணுவே?"

எனக்கும் மகள்கள் இருக்கிறார்கள்.

கல்யாணத்தன்று பயூமி சர்பத் தட்டைச் சுமந்து கூட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தார். முனீர் பேயும் வந்திருந்தார். தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு, "நம்ப முடியல, எதார்த்தமே இல்ல" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். நிக்காஹ் நடத்த வந்த ஷேக் வெளியூர்க்காரர், பத்திரிகை படிக்காதவர். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "பொண்ணோட வாப்பா எங்கே?" என்று கேட்டார்.

"மவுத்தாயிட்டாரு" என்றது சபை.

"அப்ப அவருக்காக ஒரு ஃபாத்திஹா ஓதிடுவோம்."

எல்லோரும் கையேந்தினோம். பயூமி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தானும் கையேந்தினார். எல்லோரையும்விட அவர்தான் சத்தமாக ஓதினார். உள்ளறையில் பெண்களுக்கு நடுவிலிருந்து இன்ஸாஃபின் அழுகை கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை.

ஷேக் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, பெண்ணைக் கொடுப்பவரும் மாப்பிள்ளையும் அதற்கடியில் கைகோத்துக்கொள்ள, கையை நீட்டச் சொன்னார். சித்தப்பா நீட்டினார். மாப்பிள்ளை ஃபத்ஹியும் நீட்டினான். ஆனால் அந்தக் கை சித்தப்பாவின் கையைத் தாண்டிப் போனது. பின்னால் நின்ற பயூமியின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்காரவைத்தான்.

"விடுப்பா, நான்தான் செத்துட்டேனே" என்று கெஞ்சினார் பயூமி. "காரியத்தைக் கெடுக்காதே."

ஃபத்ஹி விடவில்லை. பிறந்ததிலிருந்து எதிர்த்துப் பேசாத அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, கை சூடா இருக்கு."

ஷேக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. உம்மு ஃபத்ஹி எழுந்து வந்தாள். குனிந்து பயூமியின் கையைத் தொட்டுப் பார்த்தாள். அழுதுகொண்டிருந்த அவர் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அவள் முகமும் இளகியது.

"சீக்கிரம் ஓதுங்க ஷேக்" என்றாள். "பாவம், மக கல்யாணத்துக்குன்னு இவ்வளவு தூரம் வந்திருக்காரு. திரும்பப் போறதுக்குள்ள முடிச்சிடுங்க."